மூன்று சுற்றுத் தளர்ந்த நட்டு

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

நான் இங்கே நலம். ஒரு வாரமாகச் சளி விடாமல் பிடித்திருக்கிறது, அதையும் நலத்திலேயே சேர்த்துக்கொள். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏற வேண்டாம் என்று சொல். கேட்க மாட்டாள், இருந்தாலும் சொல்.

என்னை வேறு பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். நாட்டில் எந்தப் புகைபோக்கியிலிருந்து எவ்வளவு கரியமில வாயு போகிறது என்று கூட்டி, வருஷா வருஷம் உலகத்துக்குச் சொல்வதுதானே எங்கள் அலுவலகத்தின் வேலை? இப்போது சிமென்ட் ஆலைகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன. மொத்தம் பதினேழு. அதில் ஒன்று நீ வேலை பார்க்கும் ஆலை, அதாவது நம் மாமாவின் ஆலை. அவர் எனக்குத் தாய்மாமன் என்று இங்கே மூச்சு விடவில்லை. விட்டால் கோப்பைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

ஆலையின் கோப்பு என்றால் அது பிறந்த நாளிலிருந்து எல்லாக் குப்பையும் அதில் இருக்கும். பதினாலு வருஷத்துக்கு முந்தைய விபத்து அறிக்கையும் இருந்தது. அப்பாவுடையது. நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

அப்பா உலை மேடையிலிருந்து விழுந்தபோது குடித்திருந்தார் என்று டாக்டர் எழுதியதாகத்தானே இத்தனை நாள் நம்பினோம்? டாக்டரின் தாளில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டவர், அன்றைக்கு ஆலையின் நிர்வாக அதிகாரியாக இருந்த நம் மாமா. சொந்த அக்காவின் புருஷனைப் பற்றி, உடம்பு வீட்டுக்கு வந்து சேருவதற்கு முன்பே எழுதிவிட்டார். உனக்கு அப்போது பதினொரு வயது. குடிகாரன் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னான் என்று ஒருவனைக் கடித்துவிட்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? அம்மாவே அதை நம்பினாள். மூன்று வருஷம் அப்பாவின் பேரை எடுக்காமல் இருந்தாள். அப்புறம் மாமா பெரிய மனசு பண்ணி உனக்கு வேலையும் இருக்க வீடும் கொடுத்தார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறார்.

நான் அவரைச் சும்மா விடப்போவதில்லை. எப்படி என்று இன்னும் தெரியவில்லை. அம்மாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே. உன் போன் ஆலை கொடுத்த போன், என் போன் அலுவலகத்துடையது. ஆகவே எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் சளி போய்விட்டதா? அம்மாவின் முழங்காலுக்குப் புது எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். வீடு முழுக்க அதன் நாற்றம்தான், வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. அந்தத் தாளைப் படித்தேன். பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

இங்கே வேலை அதிகம். புது உலை நன்றாக ஓடுகிறது. நிலக்கரியைக் குறைத்துவிட்டு உமி, மரத்தூள், பழைய டயர் எல்லாம் போட்டு எரிக்கிறோம். வீணாகப் போகிற சூட்டிலிருந்து மின்சாரமும் எடுக்கிறோம். அதற்குக் கடன் கொடுத்த வங்கிக்காரர்கள் மாதா மாதம் வந்து, நான் கவனிக்கும் புகை அளவுக் கருவியைப் பார்க்கிறார்கள். புகையில் கரியமில வாயு குறையக் குறைய மாமா கட்டும் வட்டியும் குறையுமாம். பசுமைக் கடன் என்று பேர். மாமா புகைபோக்கிக்கே பச்சை வண்ணம் அடித்துவிட்டார். கேட்டுக்கும் பச்சை, நாற்காலிக்கும் பச்சை. ஆட்கள் அவரைப் பச்சை மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கும் அது பிடித்திருக்கிறது.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

சளி போய்விட்டது. அதைவிட நல்ல சேதி ஒன்று இருக்கிறது, அதனால்தான் கை வேகமாக ஓடுகிறது. அம்மா தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா? எண்ணெயைப் பற்றி எழுதியவன் அவளைப் பற்றி எழுதவில்லையே!

ஆறு வாரம் கழித்துப் பதில் போட்டு, அந்தத் தாளைப் பற்றி மூன்றே வரி. கல்லுளிமங்கன். போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் ஆலையின் கணக்கு என்னிடம் வந்தது. கடன் வாங்கும்போது மாமா வங்கிக்குச் சொன்னது, புகையில் நூற்றுக்குப் பதினைந்து குறைப்பேன் என்று. போன வருஷம் பதினெட்டு குறைந்தது, சரி. இந்த வருஷம் இரண்டே மாதக் கணக்கில் திடீரென்று நாற்பது குறைந்திருக்கிறது. அமைச்சர் அந்த நாற்பதைப் பிடித்துக்கொண்டு, நாட்டின் மொத்தப் புகையே முதல்முறையாக இறங்கிவிட்டது என்று மேடை போட்டுப் பேசப்போகிறாராம். அதைக் காட்டி வெளிநாட்டிலிருந்து இன்னும் பத்து ஆலைக்குப் பசுமைக் கடன் வரப்போகிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

நான் கைதட்டவில்லை. பக்கத்துக் கட்டத்தில் இருந்த ஆக்சிஜனைப் பார்த்தேன். உலைப் புகையில் ஆக்சிஜன் பத்துக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். வெளிக்காற்றில் இருபத்தொன்று. உங்கள் கருவி பதினைந்துக்கு மேல் காட்டுகிறது. பாலில் தண்ணீர் கலந்த கதைதான். புகையைக் கருவிக்கு இழுத்துப்போகிற குழாயில் யாரோ வெளிக்காற்றைக் கலக்கிறார்கள். கலந்தால் கரியமில வாயு குறைவாகத் தெரியும், வட்டி இறங்கும், மாமாவுக்கு மாலை விழும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாராம்! பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொய் எழுதி ருசி கண்ட பூனைதானே. இந்தத் தடவை பால் சட்டி என் கையில் இருக்கிறது.

நீ மேலே ஏறி, குழாய் கருவியோடு சேருகிற இடத்தில் இருக்கும் நட்டைப் பார். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். பார்த்து எழுது.

உன் அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள். மத்தியானம் கொஞ்சம் தூங்குகிறாள். நீ மெலிந்திருப்பாய் என்று அவளாகவே முடிவு செய்து வருத்தப்படுகிறாள்.

நீ சொன்ன இடத்தில் பார்த்தேன். நட்டு மூன்று சுற்றுத் தளர்ந்திருக்கிறது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மாமா போன வாரம் எல்லாருக்கும் விருந்து வைத்தார். நாற்பது என்ற எண்ணைப் பெரிய பலகையில் எழுதி கேட்டில் மாட்டியிருக்கிறார். என் தோளில் கை போட்டு, "உங்கப்பன் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா இன்னிக்கு இதெல்லாம் பாத்திருப்பான்டா" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நான் சிரித்தேன்.

உன் தம்பி


ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

நலம். நான் மெலியவில்லை என்று அம்மாவிடம் சொல். பழைய ரவிக்கைகள் சாட்சி சொல்லும்.

நீ சிரித்தாய் என்று படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பரவாயில்லை, சிரித்துக்கொள். கடைசியில் யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

மே மாதம் இரண்டாம் தேதி எங்கள் ஆய்வுக் குழு சொல்லாமல் வந்து இறங்கும். நான் வர மாட்டேன். எண்களை எடுத்துக் கொடுத்தது நான் என்றும் யாருக்கும் தெரியாது. அதுவரை அந்த நட்டைத் தொடாதே. துடைக்கக்கூடத் துடைக்காதே.

இன்னொன்று. விசாரணையில் கேட்கப்போகிற முதல் கேள்வி, தளர்த்தச் சொன்னது யார் என்பதுதான். மாமா உன்னிடம் நேரில் சொன்னாரா, வேறு ஆளை அனுப்பினாரா, எழுதித் தந்தாரா? ஒரே வரியில் எழுது. இதற்கு மட்டும் உடனே பதில் வேண்டும்.

அவர் முகம் எப்படிப் போகிறது என்று நீ எனக்காகப் பார்த்து வைக்க வேண்டும். ஒன்று விடாமல் எழுத வேண்டும். அதற்காகத்தான் இத்தனை நாளாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறேன்.

உன் அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது சரியாகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

குழு வந்தது. ஐந்து பேர். இரண்டு பேர் புகைபோக்கி மேடைக்கு ஏறினார்கள், நானும் கூடப் போனேன். நட்டைப் பார்த்ததும் வயசானவர் ஒருவர் சிரித்துவிட்டார். "என்னப்பா, கதவையே திறந்து வச்சிருக்கீங்க" என்றார். நட்டை இறுக்கியதும் ஐந்தே நிமிஷத்தில் எண்கள் ஏறிவிட்டன.

மாமாவை அவருடைய அறையில் உட்காரவைத்துக் கேட்டார்கள். அவர் முகத்தைப் பார்த்து எழுதச் சொன்னாயே. முதலில் சிரித்தார். வங்கியிலிருந்து யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். அப்புறம், "நட்டா? எனக்கு ஸ்க்ரூ எது நட்டு எதுன்னே தெரியாதுங்க. நான் காகிதம் பாக்குற ஆளு" என்றார். அதையே நாலு தடவை சொன்னார். கையில் இருந்த பேனாவை மூடத் தெரியாமல் மூடி மூடிப் பார்த்தார்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். "இது யார் உத்தரவு?" என்று கேட்டார் அந்த வயசானவர். நான் மாமாவின் அறைக் கதவை மட்டும் பார்த்தேன். வயசானவர் அதையே பதிலாக எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன்.

வெயில் கடுமையாக இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மே 20

அன்புத் தம்பிக்கு,

அம்மாவின் காய்ச்சல் திரும்ப வரவில்லையே? நான் இருக்கிறேன்.

பேனா மூடியைப் பற்றி எழுதியிருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் சந்தோஷமாக இருந்தது. ஆபீஸுக்கு நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனேன்.

இறுதி அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அதற்காக உங்கள் கருவியின் எண்களை நாள்வாரியாக எடுத்துப் பரப்பினேன். டிசம்பர் முழுக்க ஆக்சிஜன் பத்து. ஜனவரி பதின்மூன்று வரை பத்து. பதினாலாம் தேதி காலை பதினொரு மணிக்குப் பதினைந்துக்கு மேல் ஏறுகிறது. அப்புறம் நீங்கள் இறுக்கும்வரை இறங்கவேயில்லை.

என் முதல் கடிதம் உனக்கு எந்தத் தேதியில் கிடைத்தது?

வேண்டாம், எழுதாதே. தபால் நாலு நாளில் வரும், எனக்கே கணக்குத் தெரியும்.

மாமா சொன்னாரா என்று கேட்டேன். உன் கடிதத்தில் வெயிலைப் பற்றி எழுதியிருந்தாய். உன் கடிதங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவர் செய்யச் சொன்னார் என்று ஒரு இடத்தில்கூட நீ எழுதவில்லை. நான்தான் ஒவ்வொரு தடவையும் அவர் பேரைப் போட்டு நிரப்பிக்கொண்டேன். திருடத் தெரிந்த ஆள் அரைச் சுற்றுதான் தளர்த்துவான். மூன்று சுற்றுத் தளர்த்தி ஆக்சிஜனை அப்படியே விட்டுவைக்கிறவன், பிடிபட வேண்டும் என்றே செய்கிறவன். அதுவும் யார் பார்ப்பாள் என்று தெரிந்து செய்கிறவன்.

ஒரு மணி நேரம் மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். டம்ளரில் தண்ணீர் இருந்தது, எடுத்துக் குடிக்கத் தோன்றவில்லை. அப்புறம் எழுதினேன்: 'நிர்வாகத்துக்குத் தெரிந்தே அளவுக் கருவியில் முறைகேடு செய்யப்பட்டது.' கையெழுத்துப் போட்டேன். எழுத்து அழகாகவே விழுந்தது. அப்பாவின் அறிக்கையில் மாமாவின் கையெழுத்தும் அழகாகத்தான் இருக்கிறது, பார்த்தாயா?

இதைக் கிழித்துப் போட்டுவிடு. நான் எதுவும் கேட்கவில்லை, நீ எதுவும் சொல்லவில்லை.

உன் அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும். நீ நலமா?

வங்கி கொடுத்த கடன் முழுவதையும் ஒரே தவணையில் திருப்பக் கேட்டிருக்கிறது. புது உலையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள், அது கடனில் வாங்கிய சொத்தாம். ஆனால் சிமென்ட் கொடுப்பதாக வாங்கிய ஆர்டர்கள் இருக்கின்றனவே. அதனால் இரண்டு வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த பழைய உலையை மூட்டியிருக்கிறார்கள். முழுக்க நிலக்கரி. பச்சைப் புகைபோக்கி ஒரு மாதத்தில் கறுத்துவிட்டது. துணி காயப்போட்டால் அம்மா இரண்டு தடவை துவைக்க வேண்டியிருக்கிறது. உமி கொண்டுவந்த லாரிக்காரர்களும் மின்சாரப் பிரிவில் இருந்த அறுபது பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதில் ஒருவர். என்னைப் பார்த்தால் இப்போதும் நல்லபடியாகத்தான் பேசுகிறார்.

நாட்டின் கணக்கைத் திருத்திச் சொன்னதைப் பேப்பரில் படித்தேன். உலகம் முழுக்கச் சிரிக்கிறார்களாமே. மற்றப் பத்து ஆலைக்கும் வரவிருந்த கடன் நின்றுவிட்டதாமே. அவர்களும் நிலக்கரியில்தான் ஓட்டுவார்கள்.

அக்கா, ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு உண்மை. அது நல்ல இயந்திரம். இந்த வருஷம் விட்டிருந்தால் இருபதைக்கூடத் தொட்டிருக்கும். நான் அதைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டேன். கேட்டால் இனி யாரும் நம்ப மாட்டார்கள்.

நீ கிழிக்கச் சொன்னதைக் கிழித்துவிட்டேன்.

உன் தம்பி


ஜூலை 12

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசீர்வாதம். நீ சுகமா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் குறைந்துவிட்டது. இருந்தாலும் கேட்கிறேன். எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. கோர்ட் சிறைத் தண்டனை கொடுத்துவிட்டது, இப்போது ஜாமீனில் இருக்கிறேன். மேல்முறையீட்டுக்கு இந்த மாதக் கடைசி வரை நேரம்.

அறிக்கையின் அடியில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். நீ எழுதப் பழகும்போது என் மடியில் உட்கார்ந்து பழகியவள், அந்தச் சுழியை எனக்குத் தெரியாதா? உன்னை அந்த இடத்தில் எதிர்பார்க்கவில்லை. நீ என் மருமகள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வக்கீல் கேட்டார், அப்படி யாரும் இல்லை என்றேன்.

நான் அதைச் செய்யவில்லை. அது உனக்கும் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்பது என்றதும் ஏன் என்று கேட்காமல் பலகை மாட்டினேனே, அந்த முட்டாள்தனம் மட்டும்தான் என்னுடையது. அந்த நட்டைத் தொடுகிற கை இந்த ஆலையில் ஒன்றுதான் உண்டு. அவன் பேரை நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என் அக்கா பெற்ற பிள்ளை.

ஏன் செய்தான் என்று பத்து நாள் யோசித்தேன். பதினோராவது நாள் புரிந்துவிட்டது. பழைய கோப்பும் உன்னிடம்தானே இருக்கும்?

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். உன் அப்பா அன்றைக்குக் குடித்திருக்கவில்லை. அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை. மேடையில் கட்டிக்கொள்ளும் பெல்ட் நாலு வாங்க வேண்டும் என்று அவரே இரண்டு தடவை எழுதிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. அந்த வாரம்தான் வங்கியிலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள். பெல்ட் இல்லாததால் ஆள் செத்தான் என்று தெரிந்தால் கடன் கிடைக்காது, ஆலையை மூடிவிடுவார்கள் என்று பயந்தேன். செத்தவர் திரும்பி வரப்போவதில்லை, எழுதினால் என்ன என்று நினைத்தேன். இதையெல்லாம் அந்தத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ அதை எங்கே வேண்டுமானாலும் காட்டலாம்.

பேரம் பேசவில்லை, அதனால்தான் தாளை முதலிலேயே அனுப்புகிறேன். ஒரே ஒரு வரி கேட்கிறேன். புகைபோக்கியின் அதிர்வில் நட்டு தானாகத் தளர்ந்திருக்கலாம் என்று நீ ஒரு குறிப்பு எழுதினால் போதுமாம், வக்கீல் சொல்கிறார். பையனுக்கும் ஆபத்து இல்லை. புது உலையைத் திரும்பத் தந்துவிடுவார்கள். அறுபது பேர் வேலைக்கு வருவார்கள்.

அறுபது வயதில் உன்னிடம் கை ஏந்துகிறேன்.

மாமா


ஜூலை 25

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

சர்க்கரை ஏறியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மாத்திரையை வேளா வேளைக்குச் சாப்பிடவும். நான் நலம்.

தாள் கிடைத்தது. ஒரு நகல் என்னிடமும் ஒரு நகல் தொழிலாளர் துறையிலும் இருக்கிறது. மூலத்தை அம்மாவிடம் படித்துக் காட்டச் சொல்லித் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன். முதலிலேயே அனுப்பியதற்கு நன்றி.

நீங்கள் கேட்ட வரியைப் பற்றி எங்கள் துறை நிபுணரிடம் விசாரித்தேன். அதிர்வில் நட்டு கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்றுத் தளரும். மூன்று சுற்றுத் தளராது. தளரலாம் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். நம் குடும்பத்தில் ஒருவர் பொய் அறிக்கை எழுதியது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா சில நாளாக என்னோடு பேசவில்லை, அதனால் அவள் எப்படி இருக்கிறாள் என்று சரியாகத் தெரியவில்லை.

மேல்முறையீடு தள்ளுபடியானது. போன திங்கட்கிழமை வந்து மாமாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆலை வாசலில் எல்லாரும் நின்றார்கள். பச்சை மாமா என்று யாரும் கூப்பிடவில்லை. வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "உங்கம்மாவைப் பாத்துக்கடா" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் அந்தத் தாளைப் படித்தேன். முதல் வரியிலேயே அழுதுவிட்டாள். "மூணு வருஷம் அவர் பேரை எடுக்காம இருந்தேனே, பாவி" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். முழுக்கப் படித்து முடித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை எழுதிக் குடுத்தவனை ஏன்டா பிடிச்சுட்டுப் போறாங்க?" என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை அக்கா. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நட்டு, உன் அறிக்கை, மாமா கேட்ட ஒரு வரி, நீ எழுதிய பதில், எல்லாமே.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. தாளை வாங்கி மடித்தாள். "என் தம்பி பதினாலு வருஷம் கழிச்சாவது உண்மையைச் சொல்லிட்டான். நீங்க ரெண்டு பேரும் எத்தனை வருஷம் கழிச்சுச் சொல்லப் போறீங்க? அதை மட்டும் உங்கக்காகிட்ட கேட்டு எழுது" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. மறுநாளிலிருந்து சிறைச்சாலை வாசலில் போய் வரிசையில் நிற்கிறாள். உட்கார அங்கே இடம் இல்லை. நான் கூடப் போனால் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள்.

நான் போய்ச் சொல்லிவிடட்டுமா? நான் மட்டும் செய்ததாகச் சொல்கிறேன். உன் பேர் வராது. புகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்கிறது. அவரைப் பழிவாங்க வேண்டும் என்றுதான் நட்டைத் திருப்பினேன். அப்பா எழுந்து வந்துவிடுவார் என்கிற மாதிரி ஒரு வெறி. இப்போது அது இல்லை. நீ சரி என்று எழுதினால் நாளைக்கே போகிறேன்.

அம்மாவுக்கு நீ என்ன பதில் சொல்கிறாய்?

உன் தம்பி


ஆகஸ்ட் 18

அன்புத் தம்பிக்கு,

நான் நலமாக இருக்கிறேன். சம்பளம் கூட்டியிருக்கிறார்கள். தவறைக் கண்டுபிடித்ததற்காக ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள், சுவரில் மாட்ட ஆணி கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு மடக்கு நாற்காலி வாங்கி அனுப்பியிருக்கிறேன். வரிசையில் நிற்கும்போது போட்டு உட்காரட்டும். நான் வாங்கியது என்று சொல்லாதே, உட்கார மாட்டாள்.

நீ போக வேண்டாம். நீ மட்டும் செய்ததாகச் சொன்னால் உன்னை உள்ளே தள்ளிவிட்டு அவரை வெளியே விடுவார்கள். அதற்கா இவ்வளவும்? உனக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, எனக்காகவும்தான் சொல்கிறேன். உனக்கு வெறி போய்விட்டது என்கிறாய். எனக்குப் போகவில்லை. தாளைப் படித்ததும் போய்விடும் என்று நானும் நினைத்தேன். படித்தேன். பெல்ட் விஷயம் வந்ததும் முன்னைவிட அதிகமாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கேட்டிருக்கிறார் நம் அப்பா.

புகையைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் புகையை இந்த மாதமும் நான்தான் கூட்டி எழுதுகிறேன். எண் எவ்வளவு பெரியது என்று உன்னைவிட எனக்குத் தெரியும். அதை எழுதும்போது கண்ணை மூடிக்கொள்வதில்லை.

அம்மாவின் கேள்விக்குப் பதில் இது. அப்படியே படித்துக் காட்டு. பதினாலு வருஷம். ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அன்றைக்கு மாமாவுக்கு எழுபத்து நாலு வயது ஆகியிருக்கும். நான் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் வீட்டு வாசலுக்கு நானே கொண்டுவந்து தருவேன். அவர் இருந்தால் அவர் கையில் தருவேன். இல்லாவிட்டால் யாராவது சத்தமாகப் படிக்கட்டும். அப்பாவைப் பற்றிய தாளையும் அப்பா இல்லாத வீட்டில் அப்படித்தானே படித்தீர்கள்.

உன் அக்கா